இருபது வரை பாடுகிறாள். மூன்று கரண்டி கேட்டால் கை நிறைய அள்ளி வருகிறாள்

ஜெலுத்தோங் அம்மா (பினாங்கு) கேட்கிறார்:

வணக்கம். எனக்கு ஒரே மகள். வருகிற தைப்பூசத்தோடு நான்கு வயது முடிகிறது. ஒன்று முதல் இருபது வரை மூச்சு விடாமல் பாடுவாள். மலாயில் பத்து வரை தெரியும். கீழ்வீட்டுச் சீனப் பாட்டி சொல்லிக்கொடுத்து ஹொக்கியனில் ஐந்து வரை வந்திருக்கிறாள். கோயிலில், உறவினர் வீட்டில், லிஃப்டுக்குள் என்று எங்கே பாடினாலும் யாராவது கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். போன சனிக்கிழமை வரை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று நாத்தனார் வந்திருந்தார். பாயசத்தைக் கிண்ணங்களில் ஊற்றிவிட்டு, "மூன்று கரண்டி எடுத்து வா" என்று மகளை அனுப்பினேன். இழுப்பறையைத் திறந்து இரண்டு கையாலும் அள்ளி வந்து மேசையில் கொட்டினாள். பதினொரு கரண்டி, ஒரு முள்கரண்டி, ஒரு டின் திறப்பான். "எத்தனை கொண்டுவந்தாய்?" என்றேன். பாட்டு ஆரம்பித்தது. விரல் ஒரு பக்கம் ஓடியது, பாட்டு ஒரு பக்கம் ஓடியது. பதினான்கில் நின்றாள், அதுவும் தும்மல் வந்ததால்தான். "சரி, மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். நாத்தனார் ஒன்றும் சொல்லாமல் பாயசம் குடித்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

அதன்பிறகு கவனித்துப் பார்க்கிறேன். ஆறு பிசாங் மாஸ் பழத்தை வரிசையாக வைத்து எண்ணச் சொன்னால், ஒவ்வொரு பழத்தையும் ஒழுங்காகத்தான் தொடுகிறாள், ஒன்றைக்கூட விடுவதில்லை. ஆனால் ஆறாவது பழத்தைத் தொடும்போது வாய் "மூன்று" என்று சொல்லி முடிக்கிறது. ஒரு நாள் மட்டும் என்றால் தவறு என்று விட்டுவிடலாம். ஒவ்வொரு முறையும் ஆறு பழத்துக்கு மூன்றுதான்!

எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கொள்ளும். நாலாவது மாடி என்பதால் படியேறியே போய்விடுவோம். ஒரு வளைவுக்கு ஒன்பது படி. அவள் எண்ணினால் பத்து வருகிறது. படிக்கட்டிலும் எனக்கு மானம் போகிறது.

பிள்ளைக்கு ஆட்டமும் பாட்டும் உடம்போடு பிறந்தவை. தைப்பூச ஊர்வலத்தில் உறுமி கேட்டால் அப்பா தோளிலிருந்து இறங்கிவிடுவாள். அட்டை, புத்தகம் என்று உட்கார வைத்தால் இரண்டு நிமிடம் தாங்காது. பாட்டை நிறுத்திவிட்டு வேறு வழியில் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? அல்லது அந்தப் பாட்டையும் குதியாட்டத்தையும் வைத்தே எண்ணப் பழக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "வயது வந்தால் தானாக வரும்" என்று என் மாமியார் ஏற்கெனவே சொல்லிவிட்டார், அது வேண்டாம்.

---

செந்தூல் டீச்சர் (கோலாலம்பூர்):

தங்கச்சி, பதற வேண்டாம். உங்கள் மாமியார் சொன்னதும் பாதி சரிதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் முப்பத்தோரு ஆண்டு பாலர்பள்ளியில் இருந்தவள். டின் திறப்பானோடு வந்த பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

முதலில் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். "ஏழுக்கு அடுத்தது என்ன?" என்று கேளுங்கள். உடனே "எட்டு" என்று வராது. ஒன்றிலிருந்து பாடிக்கொண்டு போய் எட்டில் நிற்பாள், அல்லது நிற்காமல் இருபது வரை போய்விடுவாள். அவளுக்கு அது இருபது சொற்கள் இல்லை. நமக்குத் தெரியாத மொழிப் பாட்டை நாம் முழுதாகப் பாடுவோமே, எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல், அப்படி ஒரே நீளச் சரம். சரம் கையில் இருப்பது நல்லதுதான். அதில் மணி மணியாகப் பிரிக்கிற வேலைதான் இனி.

கேரன் வின் என்ற உளவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் பிள்ளைகளிடம் நீங்கள் செய்ததையே செய்து பார்த்தார்: இத்தனை பொம்மை எடுத்துக் கொடு என்று கேட்டார். பத்து வரை சொல்லத் தெரிந்த பிள்ளைகளே, ஒன்று கேட்டால் ஒன்று கொடுத்து, இரண்டோ மூன்றோ கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். "ஒன்று" புரிந்து பல மாதம் கழித்து "இரண்டு" புரிகிறது. அதன்பின் "மூன்று". அதற்குப் பிறகு ஒரு நாள் எண்ணுவது எதற்காக என்பதே பிடிபட்டுவிடுகிறது. பெரும்பாலும் மூன்றரை, நான்கு வயதில். ஆகவே உங்கள் மகளிடம் ஒரு கரண்டி கேளுங்கள், பிறகு இரண்டு கேளுங்கள். எது வரை சரியாக வருகிறது என்று பார்த்து, அதற்கு அடுத்த எண்ணில் விளையாடுங்கள். இருபதைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். எண் பாட்டில் ஒரு குறை இருக்கிறது: அது நிற்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓடிக்கொண்டே இருந்தால் வரிசை பழகும். "மூன்று" என்றால் எவ்வளவு என்பது பழகாது. எவ்வளவு என்பது நிற்கிற இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே நிற்கிற பாட்டாக ஆக்குங்கள்.

என் வகுப்பில் ஒரு மைலோ டின் இருந்தது. மரக்கரண்டியால் தட்டுவேன். மூன்று தட்டு, பிறகு அமைதி. பிள்ளைகள் தட்டுக்கு ஒரு குதி குதித்து, அமைதியில் சிலையாக நிற்க வேண்டும். அந்தச் சிலை நேரத்தில் மெதுவாகக் கேட்பேன்: "எத்தனை குதித்தோம்?" திரும்ப எண்ண எதுவும் இருக்காது, குதித்தது காற்றில் போய்விட்டது. கடைசியாகச் சொன்ன எண்ணை நினைவில் பிடித்தாக வேண்டும். உங்கள் மகள் "மொத்தம் எத்தனை?" என்றதும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாளே, அந்த முடிச்சு இங்கேதான் அவிழும். (இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள். ஜெனிவாவில் எமில் ஜாக்-டால்குரோஸ் என்ற இசை ஆசிரியர், 1865-இல் பிறந்தவர், மாணவர்களை இசைக்கேற்ப நடக்கவும் நிற்கவும் வைத்துத் தாளம் கற்பித்தவர். பயிற்சிக் கல்லூரியில் அவரைப் பற்றிப் படித்தபோது பரீட்சைக்காகத்தான் படித்தேன்.)

ஒரு பையனைச் சொல்ல வேண்டும். எத்தனை தட்டினாலும் ஒன்று கூடுதலாகக் குதிப்பான். கால்களில் அவ்வளவு ஆசை. திருத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை. ஒரு நாள் டின்னை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் குதித்தேன். அவன் மூன்று தட்டினான், நான் வேண்டுமென்றே நான்கு குதித்தேன். அப்படி ஒரு சிரிப்பு! "டீச்சர், தப்பு, மூன்றுதான்!" என்று டின்னை விட்டுவிட்டு ஓடிவந்து என் காலைப் பிடித்து நிறுத்தினான். அன்று முதல் வாரத்தில் இரண்டு நாள் நான் தப்பாக எண்ணுவது வழக்கமாகிவிட்டது. பெரியவர்கள் தப்புவதைக் கண்டுபிடிக்கிற சுகத்துக்காகவே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

உங்கள் படிக்கட்டுச் சிக்கல் சின்னது. கீழே தரையில் நிற்கும்போதே "ஒன்று" சொல்லிவிடுகிறாள், பாருங்கள். பாண்டி ஆட்டத்திலும் பிள்ளைகள் இதே தப்பைச் செய்வார்கள், நிற்கிற கட்டத்தையும் சேர்த்துவிடுவார்கள். கால் படியில் பதிந்த பிறகுதான் எண் வர வேண்டும். "கால் வந்ததா? இப்போது சொல்" என்று ஒரு வாரம் ஏறுங்கள்.

ஆறு பழத்துக்கு மூன்று எப்படி வருகிறது என்பது எனக்கும் புரியவில்லை. வேறு யாராவது சொல்லட்டும்.

---

தகதிமி (பிரிக்பீல்ட்ஸ்):

நான் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறவன். பிள்ளை வளர்ப்பில் கருத்துச் சொல்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் ஆறு பழத்துக்கு மூன்று என்றதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அவள் தாளம் பிசகவே இல்லை.

பேச்சில் நாம் சொல்கிறபடி எண்களை அசை பிரித்துப் பாருங்கள். ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு. ஆறு அசை. அசைக்கு ஒரு பழம் தொடுகிறாள்; ஆறாவது பழத்தில் "மூணு" முடிகிறது. கணக்கு வெகு சுத்தம். தமிழில் ஒன்று முதல் பத்து வரை ஓரசை ஒலியுள்ள எண் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் இரண்டு அசை, ஒன்பது மட்டும் மூன்று. மலாயிலும் ஓரசை எண் கிடையாது: சா-து, டு-வா, தி-கா. ஆங்கிலத்தில் பத்துக்குள் செவன் மட்டும்தான் இரண்டு அசை, அங்கே பிள்ளைகள் அந்த இடத்தில் இரண்டு முறை தொட்டுவிடுவார்கள். ஹொக்கியனில் பத்து வரை எல்லாமே ஓரசை. அதனால் ஒரு வேலை செய்யுங்கள்: ஐந்து பழம் வைத்து, கீழ்வீட்டுப் பாட்டி சொல்லிக்கொடுத்த ஹொக்கியனில் எண்ணச் சொல்லுங்கள். சரியாக வரும் என்பது என் ஊகம். வந்தால் பிள்ளைக்கு ஒன்றுக்கு ஒன்று பொருத்தத் தெரியும் என்று அர்த்தம். எந்த இடத்தில் அடி விழ வேண்டும் என்பதுதான் தமிழில் தெரியவில்லை.

அதைச் சொல்லிக்கொடுப்பது எளிது. எண்ணின் முதல் அசையில் அடி விழ வேண்டும், மிச்சம் அந்த அடிக்குள்ளேயே கரைந்துவிட வேண்டும். "மூன்று" என்று முதல் எழுத்தை அழுத்தி, கை தொடையில் விழட்டும். "ன்று" சொல்லும்போது கை மேலே எழட்டும். இரண்டாவது அசைக்குக் கைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டால் அது பழத்தைத் தொடப் போகாது. நாங்கள் தாளம் போடும்போது தட்டுக்கு அடுத்து வீச்சு வைப்பது போலத்தான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. எண்ணின் பெயரில் அதன் அளவு கிடையாது. "நான்கு" என்ற சொல்லில் நான்கு எங்கே இருக்கிறது? சொற்கட்டில், அதாவது நாங்கள் வாயால் சொல்லும் தாளச் சொற்களில், இருக்கிறது. தகிட என்றால் மூன்று எழுத்து, மூன்று அடி. தகதிமி நான்கு. தகதகிட ஐந்து. சொல்லும் அளவும் ஒன்றே. என்னிடம் வருகிற ஐந்து வயதுப் பிள்ளைகள் சிலருக்குக் கூட்டல் கணக்கு வராது. ஆனால் "தக" என்று இரண்டு நடந்து, "தகிட" என்று மூன்று நடந்தால் ஐந்து ஆவது அவர்கள் காலுக்குத் தெரியும். ஏழையும் அப்படித்தான் பிரிக்கிறோம்: தகிட, தகதிமி, மூன்றும் நான்கும். மிஸ்ர சாபு என்று பெயரெல்லாம் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். வரவேற்பறைத் தரையில் மூன்று ஓடு நடந்து நிற்க வேண்டும், பிறகு நான்கு ஓடு நடந்து நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆதி தாளமும் விரலில் எண்ணுவதுதானே. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு. ஆனால் நான்கு வயதுக்கு மோதிரவிரல் தனியாக எழும்பாது, கூடவே நடுவிரலும் வந்துவிடும். அவசரப்பட வேண்டாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை: வேகத்தை நீங்கள் வைக்காதீர்கள். சிறு பிள்ளைகள் தாமாகத் தட்டும் வேகம் பெரியவர்களின் வேகத்தைவிடக் கூடுதல். நம் நிதானத்துக்கு அவர்களை இழுத்தால் கால் தடுமாறும். அவள் நடக்கட்டும், அவள் காலுக்கு நீங்கள் சொல்லுங்கள். உறுமிக்கு ஆடுவது வேறு விஷயம். உறுமி கேட்டால் எனக்கே எண் மறந்துவிடும்.

---

வடைக்கடை அப்பா (பட்டர்வொர்த்):

டீச்சரும் மிருதங்க ஐயாவும் பெரியவர்கள், மறுத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். ஆனால் இதற்கெல்லாம் மிருதங்கம் எதற்கு என்று எனக்குத் தோன்றுகிறது. இரவுச் சந்தையில் எங்களுக்கு வடைக்கடை. பருப்பு வடை மூன்று, விலை இரண்டு வெள்ளி (ரிங்கிட்). என் மகன் நான்கு வயதிலிருந்து கூடவே நிற்கிறான். பொட்டலத்துக்கு மூன்று என்பதுதான் அவனுக்குத் தெரிந்த முதல் கணக்கு. ஒன்று குறைந்தால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், ஒன்று கூடினால் அவன் அம்மா முகம் சுளிப்பாள். இரண்டு பக்கமும் அடி விழுந்தால் எண் தானாகப் பதியும்.

தொலைபேசியில் ஓடுகிற எண் பாட்டுகளை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்த இடத்தில் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறான், விரல்கூட அசையவில்லை.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பையன் வடை போடும்போது வாயில் ஒரு ராகம் போகும். "ஒன்று போடு, இரண்டு போடு, மூன்று போடு, மூடு!" "மூடு" என்னும்போது காகிதப் பையின் வாயை மடிப்பான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்து பிடித்தானோ தெரியாது. டீச்சர் சொல்கிற அந்த நிறுத்தம் இதுதானோ?

---

செந்தூல் டீச்சர்:

அதேதான் தம்பி. "மூடு" என்று ஒரு சொல்லை வைத்தானே, அதற்குத்தான் நான் முப்பது ஆண்டாக டின்னைத் தட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் என்னிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை, எனக்கு மூன்று வடை கொடுத்தால் போதும்.

ஜெலுத்தோங் தங்கச்சி, வீட்டில் சோங்காக் பலகை இருந்தால் எடுத்து வையுங்கள், நம் பல்லாங்குழிதான். போட்டி வேண்டாம், காய் வெட்டுவதும் வேண்டாம். கையில் மூன்று முத்து, குழிக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் "டொக்" என்று சத்தம். கை காலியாகும்போது பாட்டும் முடிந்துவிடும். நிறுத்தச் சொல்ல ஆள் தேவையில்லை.

பத்துமலையில் 272 படி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிவைத்திருக்கிறோம். முழுதாக எண்ணி ஏறிய பெரியவர் ஒருவரையாவது நான் இன்னும் பார்க்கவில்லை. உங்கள் வளைவில் ஒன்பதுதான். அதை எண்ணினால் போதும்.

---

ஜெலுத்தோங் அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மிருதங்க ஐயா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். அன்று இரவே ஐந்து பழம் வைத்து ஹொக்கியனில் எண்ணச் சொன்னேன். தொட்டாள், சொன்னாள், ஐந்தாவது பழத்தில் ஐந்து! அதையே தமிழில் எண்ணு என்றதும் மறுபடி பழைய கதை: ஐந்து பழம் முடிந்தபோது வாய் "மூன்று" என்பதில் பாதியில் தொங்கியது. என் கணவர் ஓடிப்போய் தொலைபேசியைக் கொண்டுவந்து படம் பிடித்தார். கீழ்வீட்டுப் பாட்டியிடம் காட்டினோம். அவருக்குக் காரணம் புரியவில்லை, ஆனால் தன் மொழிதான் ஜெயித்தது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. மறுநாள் ஆறு முதல் பத்து வரையும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

தொடையில் அடி, பிறகு கை மேலே: இது முதல் வாரம் ஒட்டவில்லை. கை மேலே போவதுதான் அவளுக்கு வேடிக்கை, அடியை விட்டுவிட்டு மேலே மட்டும் போய்க்கொண்டிருந்தது. பிறகு சப்பாத்தி மாவு உருண்டைகளை வைத்தேன். "மூ" என்னும்போது உருண்டையை அமுக்க வேண்டும், "ன்று" என்னும்போது கையை எடுக்க வேண்டும். அமுங்கிய உருண்டை அமுங்கியபடியே இருக்கிறதே, அதை இரண்டாவது முறை தொட அவளுக்கே மனம் வரவில்லை. மூன்று நாளில் சரியானது. சப்பாத்தி ஒன்றும் வட்டமாக வரவில்லை. யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்பதில் இன்னும் இடறுகிறாள். அது மூன்று அசை என்று இப்போது எனக்குத் தெரிவதால் கோபம் வருவதில்லை.

டீச்சர், நீங்கள் சொன்னபடி ஒன்று கேட்டேன், இரண்டு கேட்டேன், சரியாகக் கொண்டுவந்தாள். மூன்றில்தான் அள்ளல். அதனால் மூன்றிலேயே விளையாடினோம். மைலோ டின் தட்டி, குதித்து, சிலையாகி, "எத்தனை?" முதல் நான்கைந்து நாள் சிலையாக நின்றபடியே மெல்ல "ஒன்று, இரண்டு..." என்று முணுமுணுப்பாள். ஒரு நாள் முணுமுணுப்பு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். பிறகு "மூன்று" என்றாள். ஏதோ ரகசியம் சொல்வது போல, சத்தமே இல்லாமல்.

நான் தப்பாகக் குதிப்பதும் நடக்கிறது. ஆனால் என் மாமியார் நிஜமாகவே தப்பிவிட்டார். அவரை இவள் திருத்தியதில் வீட்டில் அரை நாள் பேச்சுவார்த்தை இல்லை.

படி இப்போது ஒன்பதுதான். கால் வைத்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் எண். நாலாவது மாடிக்கு ஏறப் பதினைந்து நிமிடம் ஆகிறது. லிஃப்ட் சரியான பிறகும் படியில்தான் வருவேன் என்கிறாள்.

நேற்று மூன்று கரண்டி கேட்டேன். மூன்று வந்தது. டின் திறப்பான் வரவில்லை. உடனே ஆசைப்பட்டு நான்கு கேட்டேன், இழுப்பறையோடு வந்தாள்.

நாத்தனார் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். பாயசம் வைக்கப் போகிறேன். அந்த நேரத்துக்குக் கணவரைக் கடைக்கு அனுப்பிவிட்டால் மேசையில் சரியாக மூன்று பேர்தான் இருப்போம்.